நாலு பேருக்கும் நெகட்டிவ்

மூக்குக்குள் குச்சி விடுவதற்கும் ஒரு முகூர்த்தம் உண்டு என்பதைச் சந்திரவதனா அந்த மே மாதத்தில்தான் அறிந்துகொண்டாள். கப்பல் ஏறுவதற்கு நாற்பத்தெட்டு மணித்தியாலத்துக்கு மேலாகிவிட்ட பரிசோதனை செல்லாது. பிந்தி எடுத்தால் முடிவு வந்து சேராது. வீட்டில் தானே எடுத்துப் படம் பிடித்து அனுப்பினாலும் செல்லாது. பதிவுபெற்ற ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்துச் சான்றிதழ் தர வேண்டும். இலண்டனில் அதற்குள் எல்லாரும் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு, கொரோனா என்று ஒன்று வந்துபோனதையே மறந்தவர்களாகத் திரிந்தார்கள். கப்பல்காரர் மட்டும் மறக்கவில்லை. ஒரே முன்பதிவில் இருக்கும் நாலு பேரில் ஒருவருடைய சான்றிதழில் பிழை இருந்தாலும் நாலு பேரும் கரையில் நின்று கையசைக்கலாம் என்று, மிகவும் மரியாதையான ஆங்கிலத்தில், மூன்றுதரம் எழுதியிருந்தார்கள்.

அந்த நாலு பேர்: சந்திரவதனா, அவள் கணவர் தியாகராஜா, ரொறன்ரோவிலிருந்து வரும் அக்கா நகுலேஸ்வரி, அக்காவின் கணவர் குருமூர்த்தி அத்தான். முன்பதிவு சந்திரவதனாவின் பெயரில் இருந்தது. ஆகவே பயமும் அவள் பெயரிலேயே இருந்தது.

போன வருடம் அக்காவுக்கு மார்பில் சத்திரசிகிச்சை நடந்தபோது விமானங்கள் சரிவர ஓடவில்லை. இலண்டன் ஈஸ்ட் ஹாமில், தன் சமையலறை மேசையில், சீனிப் போத்தலில் போனைச் சாய்த்து வைத்து, அக்கா தலைமயிர் கொட்டுவதைச் சந்திரவதனா வாராவாரம் பார்த்தாள். பார்க்க மட்டுந்தான் முடிந்தது. "மருந்து முடியட்டும், ஒரு கிழமை ரண்டு பேரும் ஒரே இடத்திலை இருப்பம். அடுப்பு இல்லாத இடமாப் பார்," என்று அக்கா சொன்னாள். அடுப்பு இல்லாத இடம் தேடிப்போய்க் கடைசியில் கப்பல் அகப்பட்டது. சவுத்தாம்ப்டனில் ஏறி நோர்வேக்குப் போய் ஏழாம் நாள் திரும்ப வேண்டும். திரும்பிய மறுநாள் விமானம். அதற்கு மறுநாள் அக்காவுக்கு ஸ்கான். அந்த ஸ்கானில் என்ன வரும் என்பதை இரண்டு பேரும் பேசுவதில்லை. இந்த ஒரு கிழமையைத் தவறவிட்டால் இன்னொன்று வைத்துத் தரப்படும் என்று எந்த ஈமெயிலும் சொல்லவில்லை.

அத்தான் வந்து இறங்கியபோது அவர் கையில் ஒரு பழுப்புத் தோல் பை இருந்தது. நாலாயிரம் மைல் தூரமும் அதை மடியிலேயே வைத்திருந்ததாக அக்கா சொன்னாள். அத்தான் கப்பலுக்கு வந்தவர் அல்லர். அப்படித்தான் அவர் எல்லாரிடமும் சொன்னார். "லண்டன் கிளை விடுறாங்கள் இல்லை. மணிவிழாச் செய்தே தீருவம் எண்டு நிக்கிறாங்கள். எனக்கு இதெல்லாம் பிடிக்காது எண்டு உனக்குத் தெரியும்தானே, சந்திரா."

சந்திரவதனாவுக்குத் தெரியும். மணிவிழா மலருக்கு வந்த இருபத்தாறு வாழ்த்துரைகளில் பதினொன்றை அவரே எழுதி, ஒப்பமிடுவதற்காக அனுப்பிவைத்தார் என்பதும் தெரியும். பழைய மாணவர் சங்கத்தின் கனடாத் தலைவர் அவர். கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் இருபத்தொன்பது வருடம் வேலை செய்தவர். மலரில் 'பொறியியல் முகாமையாளர்'. கைகுலுக்கும்போதே, தான் மற்றவர்களைப்போல அகதியாக வந்தவன் அல்ல, ஸ்ருடன்ற் விசாவில் முறையாக வந்தவன் என்பதை எதிரே நிற்பவர் அறியும்படி செய்துவிடுவார். சந்திரவதனாவுக்குப் பயம் அந்தக் கைகுலுக்கலில்தான் இருந்தது: எந்தக் கையில் கொரோனாவோ?

புதன்கிழமை ஹை ஸ்ரீற் நோர்த் கடைத்தெருவில் நகைக்கடை, புடவைக்கடை, மரக்கறிக்கடை என்று ஒன்று விடாமல் கைகொடுத்தார். வியாழக்கிழமை ஹவுன்ஸ்லோவில் ஒரு பழைய வகுப்புத்தோழரைக் கட்டிப்பிடித்தார்; அந்தத் தோழர் இருமினார்.

"அத்தான், ஞாயிறு கப்பல் ஏறும்வரைக்கும் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு திரியுங்கோவன்."

"மாஸ்க்கோடை நிண்டால் படத்திலை ஆரெண்டு தெரியுமே, சந்திரா?"

"கப்பலுக்கு விடாட்டில்?"

"என்னை விடாமலோ?" என்று சிரித்தார். கப்பல் தலைவரே பழைய மாணவர் என்பது போலிருந்தது அந்தச் சிரிப்பு.

வியாழன் பின்னேரம் அவள் மருந்துக்கடையின் இணையப் படிவத்தை நிரப்பினாள். கப்பல்காரரின் படிவத்தில் அத்தானின் விபரங்களை அத்தானே கனடாவிலிருந்து நிரப்பியிருந்தார்; இதை இவள்தான் நிரப்ப வேண்டும். நாலு பேருக்கும் பெயர், கடவுச்சீட்டு இலக்கம், பிறந்த தேதி. மூன்று பேருடையதைப் பார்த்து எழுதிவிட்டு அத்தானிடம் கை நீட்டினாள்.

"பாஸ்போட்டைத் தாங்கோ அத்தான்."

"நம்பரைச் சொல்லுறன், எழுது."

"நான் பார்த்து எழுதுறனே. ஒரு எழுத்துப் பிழைச்சாலும் கரைச்சல்."

"பாஸ்போட்டை ஒருத்தரிட்டையும் குடுக்கக்கூடாது. இப்ப ஆள்மாறாட்டக் களவு எவ்வளவு நடக்குது எண்டு தெரியுமோ?"

"மச்சாளிட்டையுமோ?"

"சொந்தத்துக்குள்ளைதான் கூட," என்றார் அத்தான், தீர்ப்புச் சொல்பவராக. பைக்குள் கையை மட்டும் விட்டு, எட்டிப் பார்த்து, இலக்கத்தைச் சொன்னார். பிறந்த தேதியை அவள் கேட்கவேயில்லை. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் அழைப்பிதழ் ஒட்டியிருந்தது: மே 21, 1962இல் உதித்த பெருமகனாருக்கு அகவை அறுபது. மண்டபம் எடுத்துக் கொண்டாடுகிற மனிதனிடம் போய் நீங்கள் எப்போது பிறந்தீர்கள் என்று யார் கேட்பார்கள்?

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நாலு பேரும் மருந்துக்கடை மாடியில் வரிசையாக இருந்தார்கள். மருந்தாளர் ஜெரோசன், மன்னார்க்காரப் பெடியன். முழங்கால் வலிக்கும் கொலஸ்ரரோலுக்கும் ஈஸ்ட் ஹாம் முழுவதும் அவனைத்தான் நம்பியிருந்தது. குச்சி விடுமுன் ஒவ்வொருவரின் கடவுச்சீட்டையும் பார்த்தான். அத்தான் தன்னுடையதைக் கையில் கொடுக்காமல், தானே விரித்து, படத்துக்குப் பக்கத்தில் பெருவிரலை அழுத்தமாக வைத்துக்கொண்டு காட்டினார்.

"சரி அங்கிள், முகம் தெரியுது," என்றான் ஜெரோசன். வெளியே இன்னும் பதினான்கு பேர் நின்றார்கள்.

முக்கால் மணித்தியாலம் சந்திரவதனா முருகனையும், பொதுவாக எல்லாக் கடவுளரையும், ஹவுன்ஸ்லோ இருமலையும் மாறிமாறி நினைத்தாள். பிறகு போன் நாலுதரம் சிணுங்கியது. நாலு பேருக்கும் நெகட்டிவ். வீட்டுக்கு வந்ததும் நாலு சான்றிதழ்களையும் கப்பல்காரரின் இணையத்தில் ஏற்றிவிட்டு, பல நாளைக்குப் பிறகு ஒரு தேத்தண்ணியைச் சூடு ஆறுமுன் குடித்தாள்.

இரண்டு மணிக்குத் தியாகராஜா அத்தானையும் அக்காவையும் பார்க்கிங் என்கிற பக்கத்து ஊரில், விழா மண்டபத்தில் இறக்கிவிட்டு வந்தார். சந்திரவதனா பெட்டி அடுக்கினாள். விழாவுக்குக் கடைசி அரைமணித்தியாலம் போய்ப் பின்வரிசையில், யன்னலோரம், மூச்சை அளந்துவிட்டுக்கொண்டு இருக்கலாம் என்பது அவள் திட்டம்.

மூன்று ஐம்பதுக்கு ஈமெயில் வந்தது. மூன்று சான்றிதழ்கள் ஏற்கப்பட்டன. ஒன்று நிராகரிக்கப்பட்டது: பயணியின் விபரங்கள் கடவுச்சீட்டுடன் பொருந்தவில்லை. பெயர், குருமூர்த்தி. இன்று மாலை ஆறு மணிக்கு முன் திருத்திய சான்றிதழ் வராவிட்டால், மிகுந்த வருத்தத்துடன், முழு முன்பதிவும் இரத்து.

"இஞ்சருங்கோ!" என்று அவள் கத்திய சத்தத்தில் தியாகராஜா கழிவறையிலிருந்து முகச்சவரக் கத்தியுடன் வெளியே வந்தார்.

அத்தானுக்குப் போன் எடுத்தாள்; அணைத்து வைத்திருந்தார். அக்காவின் கனடாப் போனுக்கு வைஃபை இல்லாத இடத்தில் உயிர் இல்லை. ஜெரோசனுக்கு எடுத்தாள்.

"அன்ரி, பேர் சரி. நம்பரும் அவையிட்டை உள்ள நம்பரோடை சரியாத்தான் இருக்கும், இல்லாட்டி வேறை மாதிரிச் சொல்லியிருப்பினம். டேற் ஒஃப் பேர்த் பிழையாக்கும்."

"அதெப்பிடிப் பிழைக்கும்? இண்டைக்குத்தான் அவருக்குப் பிறந்தநாள்! மண்டபத்திலை கேக் வெட்டுறார்!"

"பாஸ்போட்டிலை என்ன கிடக்கோ, அதுதான் அன்ரி பிறந்தநாள். அந்தப் பக்கத்தை வடிவா ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ, அஞ்சு நிமிசத்திலை மாத்தித் தாறன். அஞ்சு மணிக்குப் பூட்டிப்போடுவன். பூட்டினால் இனித் திங்கள்தான்."

பார்க்கிங் போகும் வழியில் ஒவ்வொரு சிவப்பு விளக்கும் தன் கடமையைச் செய்தது. தியாகராஜாவின் ஒரு கன்னம் மழித்தும் ஒரு கன்னம் நுரைத்தும் இருந்தது. "ஏன் சந்திரா, கடைசி நேரத்திலை இவ்வளவு..." என்று தொடங்கியவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தெருவைப் பார்த்தார்.

நாலு இருபத்தைந்துக்கு மண்டபத்துக்குள் நுழைந்தார்கள். மேடையில், சிங்காசனம் போன்ற நாற்காலியில் அத்தான் இருந்தார். தோளில் ஏற்கனவே ஒன்பது பொன்னாடைகள். மடியில் அந்தத் தோல் பை. பொன்னாடைக் குஞ்சங்கள் அதன்மேல் தொங்கின. பொன்னாடை போர்த்த இன்னும் பதினைந்து பேர் வரிசையில் நின்றார்கள். ஒலிவாங்கியில் லண்டன் கிளைச் செயலாளர் லதீசன், அத்தான் அறுபதிலும் இருபதுபோல் தோன்றுவதன் இரகசியத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

சந்திரவதனா ஒரு துண்டுக் கடதாசியில் 'பாஸ்போட் உடனே வேணும், இல்லாட்டிக் கப்பல் இல்லை' என்று எழுதி லதீசனிடம் கொடுத்தனுப்பினாள். லதீசன் அதைப் படிக்கவில்லை. படிக்க நேரமில்லாத மனிதர். "பெருமகனாரின் மைத்துனி குடும்பத்தாரிடமிருந்து ஒரு வாழ்த்துச் செய்தி!" என்று அறிவித்து அத்தானிடம் நீட்டினார். கைதட்டல் எழுந்தது. அத்தான் படித்தார். முகத்தில் ஏதோ ஒன்று வந்து, வீடியோக்காரர் கிட்ட வந்ததும் போய்விட்டது. துண்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சந்திரவதனா நின்ற பக்கம் நோக்கி இரு கைகூப்பினார்.

மனிதர் எழும்பப் போவதில்லை. கப்பலை விட்டாலும் விடுவார், பையை விடமாட்டார். ஏன்?

நாலு முப்பத்துமூன்று.

முன்வரிசையில் அக்கா இருந்தாள். மயிர் இப்போதுதான் ஒரு விரற்கடை வளர்ந்திருந்தது. அதற்கு மேல் ஒரு பட்டுத் துணியை வடிவாகச் சுற்றியிருந்தாள். சந்திரவதனா அவள் காதில் குனிந்தாள்.

"அக்கா, அத்தான்ரை பாஸ்போட் வேணும். அஞ்சு மணிக்குள்ளை. இல்லாட்டி நாளைக்கு ஒருத்தருக்கும் போகேலாது."

"கேக்கவேண்டியதுதானே?"

"கேட்டனான். கும்பிடுறார்."

அக்கா மேடையைப் பார்த்தாள். முப்பத்துநாலு வருடக் கலியாணத்தில் கணவரின் கடவுச்சீட்டை அவள் கண்டதில்லை என்று சொல்ல முடியாது. மூடியபடி கண்டிருக்கிறாள். விமான நிலையங்களில் அவரே எல்லாவற்றையும் நீட்டுவார், அவரே வாங்கிப் பையில் வைப்பார். வீட்டுப் படிவங்களெல்லாம் அவரே நிரப்புவார். இவளுக்கு 'இஞ்சை சைன் வை' என்று விரல் காட்டுவார். அதைக் கெட்டித்தனம் என்று எல்லாரும் சொன்னார்கள். அவளும் சொன்னாள்.

அக்கா எழுந்தாள். வரிசையில் முன்னுக்கு நின்ற ஒரு கணக்காளரின் கையிலிருந்த பொன்னாடையை, "ஒருக்காத் தாங்கோ தம்பி," என்று வாங்கிக்கொண்டு மேடையேறினாள். துணைவியாரே பொன்னாடை போர்த்த வருகிறார் என்று லதீசன் குரல் தழுதழுக்க அறிவித்தார். சபை எழுந்து நின்றது. அக்கா பொன்னாடையை விரித்து அத்தானின் தலைக்கு மேலாக எடுத்து, தோள், கை, மடி எல்லாம் அடங்கும்படி ஒரு சுற்றுச் சுற்றினாள். குழந்தையைத் துவாயால் சுற்றுவதுபோல. அத்தானின் கைகள் உள்ளே அகப்பட்டுக்கொண்டன. அக்கா குனிந்து பையை எடுத்தாள்.

"நகுலா... பை... அது..." ஒலிவாங்கி நேர்மையாக எல்லாவற்றையும் மண்டபத்துக்குச் சொன்னது.

"பாரமா இருக்கும் எண்டு எடுக்கிறன்," என்றாள் அக்கா. கைதட்டல் இன்னும் பலத்தது.

சமையற்கட்டுக்குப் போகும் ஓடையில், அந்த ஒடுங்கிய நடைவழியில், றோல்ஸ் தட்டுகள் அடுக்கிய ஒரு மேசையில் பையை வைத்துத் திறந்தார்கள். மலரின் பிரதிகள் ஐந்து. ஒரு சீப்பு. மாத்திரைப் பெட்டி. அடியில் கடவுச்சீட்டு. சந்திரவதனா விரித்தாள். 3 நவம்பர் 1955.

படத்தை அவசரமாக எடுத்தாள். முதலாவது கலங்கல். இரண்டாவதில் வெளிச்சம் அடித்தது. தியாகராஜா ஓடிவந்து தன் உடம்பால் மேல் விளக்கை மறைத்தார். மூன்றாவது நல்லாக வந்தது. அனுப்பினாள். நாலு நாற்பத்தொன்று.

அதற்குப் பிறகுதான் அக்கா கடவுச்சீட்டை அவள் கையிலிருந்து வாங்கினாள். வாய்க்குள் கணக்குப் பார்த்தாள்.

"அறுபத்தாறு," என்றாள்.

சந்திரவதனா அவசரமாகச் சொன்னாள்: "அது வெளிநாட்டுக்கு அனுப்பின ஏஜென்சிக்காரன் மாத்திப் போட்டதாயிருக்கும் அக்கா. எங்கடை சனத்திலை பாதிப் பேருக்கு ரண்டு பிறந்தநாள்தானே. இவருக்கும் பாருங்கோ, ஜனவரி ஒண்டு எண்டுதான் கிடக்கு."

"ஓம், எனக்கும் ஜனவரி ஒண்டு," என்று தியாகராஜா பெருமையுடன் உதவினார்.

"இவர் ஏஜென்சியிலை வரேல்லை," என்றாள் அக்கா மெதுவாக. "ஸ்ருடன்ற் விசாவிலை எல்லோ முறையா வந்தவர். கேக்காத ஆளுக்கும் சொல்லுவாரே."

ஓடையில் கட்லட் பொரியும் மணம் வந்தது. உள்ளே லதீசன், கலியாணப் பேச்சின்போது பத்துப் பொருத்தத்தில் ஒன்பது பொருந்திய அதிசயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அப்ப அந்தச் சாதகம்?" என்றாள் அக்கா. "தனுசு ராசி எண்டு தந்தாங்களே. ஏழரைச் சனி எண்டு ஏழு வருசமாச் சனிக்கிழமை சனிக்கிழமை கோயிலிலை எள்ளெண்ணெய் எரிச்சன். கீமோ எடுத்த கிழமையிலையும் போனனான். நான் ஆரின்ரை சனிக்கு எரிச்சனான் சந்திரா?"

சந்திரவதனாவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் பயந்து நின்றது. அக்கா சிரிக்கவில்லை.

"வயசு கூடினது ஒரு பெரிய விசயமில்லை. எங்கடை அம்மா அப்பாவுக்குப் பயந்து கலியாணப் புரோக்கர் செய்திருப்பான். ஆனா..." அவள் கடவுச்சீட்டை மூடினாள். "ஆஸ்பத்திரியிலை என்ரை வயசு, நிறை, எங்கை வெட்டுறது, எவ்வளவு வெட்டுறது எல்லாத்தையும் இவருக்கு முன்னாலை வைச்சு வாசிச்சவங்கள். எனக்கு ஒரு மறைப்பு இருக்கேல்லை. பக்கத்திலை இருந்து எல்லாத்துக்கும் தலையாட்டின மனுசன், ஒரு தேதியைப் பைக்குள்ளை வைச்சுக் காத்துக்கொண்டு இருந்திருக்கு."

அவள் ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். சந்திரவதனா போனையும் அக்காவையும் மாறிமாறிப் பார்த்தாள். இதுவரை அவள் பயந்தது ஜெரோசன் கதவைப் பூட்டிவிடுவான் என்று. இப்போது வேறு பயம். சான்றிதழ் வரும், கப்பல் வரும், அக்கா வரமாட்டாள். 'எனக்குக் களைப்பா இருக்கு, ரிக்கெற்றை மாத்தி வீட்டை போறன்' என்று சொல்லிவிடுவாள். நாளைக்கே சொல்லிவிடலாம். பிறகு போனைச் சீனிப் போத்தலில் சாய்க்க வேண்டியதுதான்.

நாலு ஐம்பத்தாறுக்கு ஜெரோசனின் ஈமெயில் வந்தது. பெயர் சரி. தேதி சரி. முடிவு: நெகட்டிவ். அவள் இணையத்தில் ஏற்றினாள். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. மண்டபத்தில் சிக்னல் ஒரு கோடு. அதுவும் வரும், போகும். தியாகராஜா போனை வாங்கித் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, ஒரு கன்ன நுரையோடு, ஓடையில் மேலும் கீழும் நடந்தார். அவரைப் பார்த்த பரிமாறும் பெண்கள் வழி விட்டார்கள்.

உள்ளே ஏற்புரை தொடங்கியது. நாற்பது நிமிடத்துக்குக் குறையாமல் பேசுவார் என்று எல்லாரும் நாற்காலியில் சாய்ந்திருந்தார்கள். அத்தான் நாலு நிமிடம் பேசினார். கண் முழுக்க ஓடைக் கதவில் இருந்தது. கல்லூரியின் பெயரை ஒருதரம் மாறிச் சொன்னார். நன்றி என்றார், இருபத்துநாலு பொன்னாடைகளுக்குள் இருந்து வேர்த்தார்.

"பச்சை! பச்சை வந்திட்டுது!" தியாகராஜா ஓடையின் மறுகோடியிலிருந்து கூவினார்.

சந்திரவதனா அக்காவைப் பார்த்தாள்.

"கப்பல்லை எத்தினை அறை எடுத்தனீ?" என்றாள் அக்கா.

"ரண்டு."

"ஆர் ஆர் எந்த அறையிலை?"

"நீங்களும் அத்தானும் ஒண்டு. நாங்கள் ரண்டு பேரும்..."

"மாத்தேலுமோ?"

சந்திரவதனா போனைப் பறித்தாள். விரல் இரண்டுதரம் வழுக்கியது. மாற்றலாமாம், இன்று ஆறு மணி வரைக்கும். அக்காவின் பெயரைத் தன் அறைக்கு இழுத்தாள். இன்னொரு பெயரை அந்த அறைக்குத் தள்ளினாள். உறுதிதானா என்று கேட்டது. அழுத்தினாள்.

"காலமை எத்தினை மணிக்கு வெளிக்கிட வேணும்?" என்று கேட்டுக்கொண்டே அக்கா எழுந்து, தட்டிலிருந்து ஒரு றோல்ஸை எடுத்துக் கடித்தாள். "உறைப்புக் காணாது."

"எட்டரை," என்றாள் சந்திரவதனா.

தியாகராஜா அவள் தோளுக்கு மேலாகத் திரையை எட்டிப் பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"அப்ப ஏழு இரவும் நான் குருமூர்த்தி அண்ணையோடையோ?"

அக்கா இரண்டாவது றோல்ஸை எடுத்தாள். அவர் மேடைப் பக்கம் பார்த்தார். அத்தான் பொன்னாடைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு இந்தப் பக்கமாக வந்துகொண்டிருந்தார்.

"சந்திரா," என்றார் தியாகராஜா இரகசியமாக. "ஜெரோசன் பூட்டினாலும் வாசலிலைதான் நிப்பான். எனக்கு மட்டும் ஒரு பொசிட்டிவ் எடுக்கேலாதோ?"